எல்லை தாண்டாத எலுமிச்சை

வேறு ஊருக்குக் குடிபோகும் நாளில் மாமியார் அந்தத் தொட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். மேலே சால்வையைப் போர்த்திவிட்டாள். உள்ளே இருந்தது முழங்கால் உயர எலுமிச்சைச் செடி. மகனின் முதல் மனைவி சாவதற்கு முந்தின வருடம் விதை போட்டு வளர்த்தது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் இரண்டாமவள்.

எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போக வைக்கும் பூச்சி ஒன்று பரவியதால் ஊரையே தடைப்பகுதி ஆக்கியிருந்தார்கள். இலை, பழம், மண் எதுவும் வெளியே போகக் கூடாது. எல்லையில் சாவடி. அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் எலுமிச்சைத் தோப்புகள்.

"வேணாம்மா, பிடிச்சிருவாங்க" என்றான் மகன்.

"அவ வெச்சதுடா. இவளும்தான் வந்து ரெண்டு வருஷமாச்சு, ஒரு கீரை விதையாவது போட்டிருப்பாளா? எதுக்கும் கைராசி வேணும்."

உப்பு கூடினாலும் சரி, துணி சாயம் போனாலும் சரி, அந்த வீட்டில் பேச்சு 'அவ இருந்திருந்தா' என்றுதான் தொடங்கும். இரண்டாமவளுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது.

சாவடியில் ஆய்வாளர் டிக்கியைத் திறந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். பிறகு ஜன்னலருகே வந்தார்.

"செடி, பழம், மண்ணு ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றான் மகன்.

ஆய்வாளர் வழிவிடக் கையைத் தூக்கினார்.

"அத்தை காலடியில பாருங்க" என்றாள் இரண்டாமவள்.

செடி வெளியே வந்தது. ஆய்வாளர் லென்ஸை வைத்து ஒவ்வொரு இலையாகப் புரட்டினார். அவள் இறங்கிப்போய் அவர் பக்கத்திலேயே நின்றாள். ஒரு பூச்சியாவது இருந்துவிட வேண்டுமே என்று அவளும் இலைகளை உற்றுப் பார்த்தாள்.

"இருக்குல்ல சார்?"

"இல்லம்மா. சுத்தமான செடி. நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க."

"அப்ப விட்டுருங்கய்யா" என்றாள் மாமியார்.

"முட்டை கண்ணுக்குத் தெரியாதும்மா. இங்கேருந்து ஒரு இலைகூடப் போகக் கூடாது."

செடியை வேரோடு உருவி அரவை எந்திரத்தில் போட்டார். ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை. தொட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். "இதுக்குத் தடையில்ல" என்றார், தயவு காட்டுகிறவர்போல.

மாமியார் அழவில்லை. மகன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான்: "அம்மா, நீ முன்னாடி வந்து உக்காரு."

இரண்டாமவள் பின்னால் ஏறினாள். "அந்தப் பக்கம் எத்தனை பேரோட தோப்பு இருக்கு? நான் நல்லதுதானே பண்ணேன்?" என்றாள். தோப்புகளை அவள் நினைத்ததே அப்போதுதான். மகன் வண்டியைக் கிளப்பினான்.

புது வீட்டில் சாமான்களை இறக்கியதும் மாமியார் அவளைக் கூப்பிட்டாள்.

"உக்காரும்மா. உன்மேல எனக்குக் கோவமில்ல. அவள நெனச்சுக்க இனிமே எனக்குச் செடி வேண்டியதில்ல. உன் மூஞ்சியப் பாத்தாலே போதும்."

பக்கத்து அறையில் மகன் கட்டிலுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் சற்று நின்றது. பிறகு மறுபடி கேட்டது.