மரியமிக்கேல் மணிக்கூண்டு

எண்ணூர் அடைக்கல மாதா கோயிலின் மணிக்கூண்டை எழுப்பியவர் ரெஜினாவின் மாமனார் மரியமிக்கேல். தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்து, அரிசி மண்டி போட்டு நிமிர்ந்தவர். ஓட்டுக் கூரையும் தேக்குத் தூண்களுமாக அடக்கமாக இருந்த பழைய கோயிலின் வாசலில் நாலு கால் சிமெண்டுக் கூண்டை நிறுத்தினார். ஆற்று மணல் வரத் தாமதமானதும் கடற்கரை மணலையே அள்ளிக் கலக்கச் சொன்னார். ஒரு மழையில் நனைந்தால் உப்புப் போய்விடும் என்பது அவர் தீர்ப்பு. மறுத்துப் பேச அன்று ஆளில்லை.

உப்புப் போகவில்லை. உள்ளே கம்பி துருப்பிடித்துப் புடைத்து, காரையைப் பிளந்துகொண்டே வந்தது.

திருவிழாவுக்கு முன் கூண்டுக்கு வெள்ளையடிப்பது ரெஜினா வீட்டு உரிமை. போன வருஷம் நகம் நுழையாத விரிசல், இந்த முறை மணி தொங்கும் உத்தரத்தில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்றான் கொத்தன். மாமனார் பேர் சந்தி சிரிக்கவா என்று சீறி, பூசி மறைக்கச் சொல்லிவிட்டாள் ரெஜினா.

கொடியேற்ற மாலையில் முதல் மணி அடிப்பதும் அவர்கள் உரிமைதான். மகன் ஜெனிஷ் பட்டு வேட்டியில், கூண்டுக்கு நேர் கீழே, கயிற்றருகே நின்றான்.

மீன் விற்கும் ஜூடி ரெஜினாவை இடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா ரெஜினாம்மா, கூண்ட கல்யாணப் பொண்ணு கணக்கா ஜோடிச்சி வச்சிகீற. உள்ள நல்லாத்தானே கீது?"

ரெஜினாவின் பார்வை உத்தரத்துப் புதுப்பூச்சுக்குப் போனது.

ஜெனிஷ் கயிற்றைச் சும்மா தொட்டு இறுக்கிப் பார்த்தான். மேலிருந்து பொடி உதிர்ந்து அவன் தோளில் விழுந்தது. சிரித்துக்கொண்டே தட்டிவிட்டான். ஒரே மணிதானே, தாங்கிவிடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாமியார் கொடியை மந்திரித்துவிட்டுக் கை உயர்த்தினார். ஜெனிஷ் கயிற்றைக் கையில் சுற்றினான்.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கயிற்றைப் பற்றினாள்.

"விடுல."

"அம்மா, எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். மேல உத்தரம் பொளந்து கெடக்கு. பூசி மறைச்சது நாந்தான். வெளிய வா."

மேளம் நின்றது. தெருவரை அவள் குரல் கேட்டிருந்தது. ஜெனிஷ் அண்ணாந்து பார்த்தான்.

"தாத்தா கட்டுனது விழுமாம்மா?"

ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"விழும்" என்றாள் ரெஜினா.