மைக் சரியாகத்தான் இருந்தது

பிள்ளைகளை நேரடி இணைய வகுப்பில் சேர்க்கத் தொலைபேசியில் பேசியபோது, ஒருங்கிணைப்பாளர் முதலில் கேட்டது, இதுவரை அவர்களுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தது யார் என்று. என் மனைவி என்றேன். அவரிடம் கொஞ்சம் பேசலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். பரவாயில்லை, நேரம் கிடைக்கும்போது கூப்பிடச் சொல்லுங்கள் என்றார். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தெரிய வேண்டியவர்களுக்கெல்லாம் அவளுடைய அக்காவே சொல்லிவிட்டார்.

கல்லூரி முடித்த கையோடு கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாங்கள். அதனால் எனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை, பெரியவனுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. சின்னவளுக்குப் பதின்மூன்று. இருவரும் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்ததில்லை. வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவள் சொன்னாள். சொன்னபடி செய்தாள். நான் வேலைக்குப் போய்வந்தேன்.

அட்டைப்பெட்டி அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் எனக்கு மேற்பார்வை வேலை. பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி. இயந்திரத்திலிருந்து வரும் தாளை எடுத்து, நிறம் மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் பேசுவதானாலும் கத்தித்தான் ஆக வேண்டும். வீடு திரும்பிய பிறகும் காதுக்குள் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசி ஒரு வருடம் வீடு அமைதியாக இருந்தது. அவளுக்குத் தலையில் கட்டி. சத்தம் ஆகாது. கரண்டியைக்கூடத் துணி விரித்துத்தான் வைத்தோம். வேலை முடிந்து வருகிறவனுக்கு அந்த அமைதி பிடித்துக்கூட இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அவளுடைய அக்கா என்னிடம் பேசினார். பேச்சை வளர்க்கவில்லை. "நீங்க சொல்ற கம்ப்யூட்டர் கிளாஸ் சரிப்பட்டு வரலேன்னா ரெண்டு பேரையும் என்கிட்ட விட்டுடுங்க தம்பி. எங்க ஊர்ல ஸ்கூல் இருக்கு, வீட்ல ஆள் இருக்கு. நீங்க வேலைக்குப் போவீங்களா, இதுங்களக் கட்டி மேய்ப்பீங்களா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. சரி அக்கா என்றேன்.

சின்னவள் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். அவர் போன பிறகு, போகணுமா என்று கேட்டாள். வகுப்பில் எடுத்துக்கொண்டால் போக வேண்டாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

முதல் இரண்டு வாரம் சோதனை. அந்த வகுப்பில் கேமரா அணையக் கூடாது. ஆசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பார். பதிலை வாயால்தான் சொல்ல வேண்டும், தட்டச்சு செய்து அனுப்பினால் கணக்கில் வராது. பேசாத பிள்ளைகளைப் பதிவுசெய்த பாடங்களின் பக்கம் மாற்றிவிடுவார்கள். பாடத்தை ஓடவிட்டுவிட்டுப் பிள்ளைகள் குறட்டை விடும் என்பது அக்காவின் கட்சி. அப்படி மாற்றிவிட்டால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், பிள்ளைகள் அவர் ஊருக்குத்தான் போக வேண்டும்.

பேசுவதில் சிக்கல் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. சின்னவளுக்கு அவளுடைய பெரியம்மா வைத்த பட்டப்பெயர் ரேடியோ. நிறுத்துகிற பொத்தான் இல்லாத ரேடியோ என்பார்.

முதல் வாரம் முடிவதற்குள் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். பெரியவனைப் பற்றிக் குறையில்லை. சின்னவளின் மைக் சரியில்லை, வாயசைவது தெரிகிறது, குரல் வரவில்லை என்றார். புதிதாக ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அதே புகார். அச்சகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையனுக்கு ஒயர் என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் ஏதாவது ஒயர் சுருண்டிருக்கும். ஹெட்போனை அவனிடம் கொண்டுபோனேன். செருகிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான், தன் காதலியைக் கூப்பிட்டு அதில் பேசியும் பார்த்தான்.

"மைக்கு கண்ணு மாதிரி இருக்கு சார். உங்க பொண்ணு வாயத் தொறக்குதான்னு பாருங்க."

ரேடியோவா வாயைத் திறக்காது என்று அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவள் தலையில் மாட்டி, ஏதாவது பேசு என்றேன். அண்ணன் தன் சார்ஜரை எடுத்துக்கொண்டதையும், கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பதையும், அவன் முகரையையும் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள். பதிவு செய்து போட்டுக் கேட்டோம். கணீரென்று இருந்தது. பெரியவன் தன் பங்குக்கு, இதை அப்படியே அந்தக் கணக்கு சாருக்கு அனுப்பிவிடலாம் என்றான்.

அடுத்த நாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

வகுப்புக்கான மேசை படுக்கையறையில் இருந்தது. முன்பிருந்தே அங்கேதான். என் மனைவியின் கட்டில், அதை ஒட்டி மேசை, இரண்டு நாற்காலி. நான் இப்போதெல்லாம் கூடத்தில் படுக்கிறேன். கதவுக்கு வெளியே நின்றேன். கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். கையை அசைத்து, விரலால் காற்றில் கோடு போட்டு, ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசிவரை விளக்கினாள். உதடு தெளிவாக அசைந்தது. குரல் மட்டும் இல்லை. வெறும் மூச்சு. இரண்டடி தள்ளி நின்ற எனக்கே கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஹெட்போனின் ஒலியளவைப் பார்த்தேன். அதையும் அடிமட்டத்தில் வைத்திருந்தாள்.

அவளிடம் கேட்கவில்லை. சமையலறையில் பெரியவனிடம் கேட்டேன். அவன் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான். "அம்மா கிளாஸ் அப்படித்தான்பா நடக்கும்."

மற்றதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடைசி வருடம் முழுக்க என் மனைவி பாடத்தை நிறுத்தவே இல்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தபடியே எடுத்திருக்கிறாள். பிள்ளைகள் கட்டிலில் இரண்டு பக்கமும் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அவள் காதருகே மூச்சுக்குரலில் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியென்றால் போர்வைமேல் விரலால் ஒரு தட்டு. தப்பென்றால் இரண்டு. பேசத் தெம்பில்லாத நாட்களில் தட்டு மட்டும்தான். பெரியவன் எப்படியோ சமாளித்துக்கொண்டான். அவனுக்குக் குரல் உடைகிற வயது. அடக்கிப் பேசினாலும் கரகரவென்று வெளியே கேட்டுவிடும். அதற்காக அம்மா அவனைப் பார்த்து, தவளை என்று சிரிப்பாளாம்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் வரும்போது பாடம் முடிந்திருக்கும்.

மேசையைக் கூடத்துக்கு மாற்றினேன். பிரயோசனமில்லை. வகுப்பு தொடங்கியதும் குரல் தானாக இறங்கியது. சத்தமாகச் சொல்லு என்று எதிரில் நின்று சைகை காட்டினேன். முகம் சிவக்க முயன்றாள். கழுத்து நரம்பு தெரிந்தது. மூச்சுதான் வந்தது. சாயங்காலம் செய்தித்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி வாசித்தாள். அதன்மேல் கணக்குப் புத்தகத்தை வைத்தேன். முதல் வரியிலேயே அடங்கிவிட்டாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாடம்னா தொண்டை தானா அடங்கிடுதுப்பா. நான் வேணும்னு செய்யல."

தெரியும் என்றேன். மேசையைப் பழைய இடத்திலேயே போடச் சொன்னாள். போட்டேன்.

சோதனை முடிவதற்கு முந்தின நாள் ஒருங்கிணைப்பாளர் மறுபடி கூப்பிட்டார். நான் அச்சகத்தில் இருந்தேன். காகிதக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். நாளை கணக்கு ஆசிரியர் ஒவ்வொருவரையும் ஒரு கணக்கை விளக்கச் சொல்வார், அதை வைத்துத்தான் முடிவு என்றார். அந்த ஒருங்கிணைப்பாளர் பெண்ணுக்கு என்மேல் இரக்கம் இருந்தது. பிள்ளை கெட்டிக்காரி என்று தெரிகிறது, எழுத்துத் தேர்வில் ஒன்றைக்கூட விடவில்லை என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார்.

"அம்மாவ ஒரு நாளைக்குப் பக்கத்துல உட்காரச் சொல்லுங்களேன் சார். அம்மா இருந்தா பிள்ளைங்க தைரியமா பேசுங்க."

சரி என்றேன்.

வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். காகிதக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. வெளியே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எண்ணை எடுத்தேன். என்ன சொல்வது என்று வார்த்தைகளை வரிசையாக அடுக்கிக்கூடப் பார்த்தேன். கூப்பிடவில்லை. நிறம் பார்க்க ஆள் வேண்டும் என்று யாரோ கதவைத் தட்டினார்கள், போய்விட்டேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அக்கா காலையிலேயே பேசி, பிள்ளைகளின் துணிமணிகளை வைக்க ஓர் அலமாரியைக் காலி செய்திருப்பதாகச் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான், எதையும் முன்கூட்டியே செய்துவைப்பவர். பெரியவன் கூடத்தில் தன் வகுப்பில் இருந்தான். சின்னவள் மேசை முன்னால் உட்கார்ந்தாள். தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். ஹெட்போனின் ஒலியளவை முழுக்க ஏற்றிவைத்துவிட்டு, நான் கேமராவில் படாமல் கதவருகே நின்றுகொண்டேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். உளறினார்கள், திக்கினார்கள், ஒருவன் தன் நாயை அதட்டிவிட்டு வந்து தொடர்ந்தான். அவர்கள் குரல் ஹெட்போனுக்குள்ளிருந்து கொசு ரீங்காரம் போல எனக்குக் கேட்டது. அவள் முறை வந்தது. ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம்.

அவள் உதடு அசைந்தது. மூச்சுதான்.

ஆசிரியர் மறுபடி சொல்லச் சொன்னார் போலிருக்கிறது. மறுபடி சொன்னாள். ஆசிரியர் குரலை உயர்த்தினார். கோபமாக இல்லை, கேலியாகத்தான். அது எனக்கே கேட்டது.

"என்னம்மா, வீட்ல யாராவது தூங்குறாங்களா? இவ்வளவு ரகசியமா பேசுற?"

பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். விரிப்பு மாற்றியிருந்தது. தலையணைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. நான் உள்ளே போய், ஹெட்போனை வாங்கி, அவரிடம் பேசியிருக்கலாம். இரண்டு எட்டு. போகவில்லை. அவள் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை முழுக்க இருந்த சின்னச் சின்ன முகங்கள் அவளுக்காகக் காத்திருந்தன. பிறகு திரையின் பக்கம் திரும்பினாள்.

"இல்ல சார். அம்மாதான் தூங்குவாங்க. இப்ப யாரும் தூங்கல."

வீடு முழுக்கக் கேட்டது. கூடத்தில் பெரியவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து என் பின்னால் நின்றான். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஆசிரியரின் குரல் வேறு மாதிரி வந்தது. "சொல்லும்மா. கேட்குது."

அவள் சொன்னாள். முதல் குழாய் ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது ஆறில் ஒரு பங்கு. ஒவ்வொரு வார்த்தையும் அளவுக்கு மீறிய சத்தத்தில் வந்தது, எங்கே நிறுத்துவது என்று தெரியாதவள் போல. நடுவில் குரல் பிசிறியது. நிறுத்தவில்லை. இரண்டையும் கூட்டினால் பாதி, ஆகவே இரண்டு மணி நேரம் என்று முடித்தாள். முடித்த பிறகு அவள் கை மேசையை விட்டுக் கட்டிலின் விளிம்பில் போய் இருந்தது.

மாலையில் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். இருவரையும் எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். நான் பிள்ளைகளின் எதிரிலேயே, கூடத்தில் நின்றுகொண்டு சொன்னேன். என் மனைவி இறந்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அவர் தெரியாமல் பேசிவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். உங்கள்மேல் தப்பில்லை என்றேன்.

போனை வைத்ததும் சின்னவள், போக வேண்டாம்தானே என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பெரியம்மாவிடம் யார் சொல்வது என்று பெரியவன் கேட்டான். நான் சொல்கிறேன் என்றேன்.

சின்னவள் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா இறந்த அன்று இந்த வீட்டில் நாங்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுதோம். இது அப்படி இல்லை. சுவரைத் தாண்டிப் போகிற அழுகை. பெரியவன் சன்னல் பக்கம் பார்த்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்பா என்றான்.

கேட்கட்டும் என்றேன்.