வெட்டியவள் பங்கு

அப்பா விட்டுப்போன மனைக்கு வாரிசு இரண்டே பேர், அண்ணனும் தங்கையும். வக்கீல் ஒரு வழி சொன்னார்: ஒருவர் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும், மற்றவர் தனக்குப் பிடித்த பக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டிப் பழகிய கை என்பதால் கோடு போடும் வேலை தங்கையான தையல்காரியின் தலையில் விழுந்தது.

மனையின் பின்பக்கத்தில் ஒரு கொட்டகை. பன்னிரண்டு வருஷமாக அவள் தைப்பது அங்கேதான். அது கிடைத்தால் போதும். வாய்விட்டுக் கேட்டால் அண்ணன் முறுக்கிக்கொள்வார் என்று, கேட்காமலே வாங்கப் பார்த்தாள். கொட்டகைப் பக்கத்தில் பத்தடியைக் குறைத்துக் கோடு இழுத்தாள். கண் இருக்கிற எவனும் பெரியதைத்தான் எடுப்பான்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபது வருஷமாகப் பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கோடு உட்கார்ந்து பழகியவர். வக்கீல் அறையில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குக் கொட்டகைப் பக்கம்."

"அது சின்னது அண்ணா."

"தெரியுது. அரை அங்குலத் துணியைக்கூட விடாதவ நீ. பத்தடியை விடறியா? அங்க என்ன இருக்கு? ரோடு வருதா?"

"ஒண்ணும் வரல."

"அப்ப கையெழுத்துப் போடு."

பேனா அவள் கையில் இருந்தது.

"ரெண்டு பேரும் போடற வரைக்கும் மொத்த மனையும் ரெண்டு பேருக்கும் சொந்தம்மா," என்றார் வக்கீல். "போட்டுட்டா அப்புறம் அழிக்க முடியாது."

அவள் பேனாவை மூடினாள். பையிலிருந்து இரண்டு நூல்கண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுல எது கறுப்பு?"

டியூப்லைட் வெளிச்சத்தில் அண்ணன் குனிந்து பார்த்தார். "ரெண்டும்தான்." வக்கீலும் தலையாட்டினார். "கறுப்பு கோட்டு போட்டவரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்றார் அண்ணன்.

"வாங்க, காட்டறேன்."

கொட்டகை பக்கத்துத் தெருதான். வக்கீலும் காகிதத்தோடு பின்னால் வந்தார். வடக்குச் சுவர் முழுக்க ஜன்னல். வெயில் நுழையாது, வெளிச்சம் மட்டும் நுழையும். அங்கே ஒரு கண்டு கறுப்பாகவே இருந்தது. மற்றது கருநீலம்.

"இதுக்காகவா பத்தடி?"

"கறுப்புத் துணியில நீல நூல் ஓட்டினா எங்கிட்ட யாரு வருவா?"

அண்ணன் இரண்டு கண்டுகளையும் ஜன்னலோரம் பிடித்து ஒருமுறை பார்த்தார், அறையின் மூலைக்குக் கொண்டுபோய் ஒருமுறை பார்த்தார்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "குடுத்திருப்பேன். பதிலுக்குப் பதினஞ்சு அடி கேட்டிருப்பேன்."

வக்கீல் இருமினார்.

"சரி, பெரிய பக்கம் எனக்கு. பத்தடியைத் திருப்பிக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

துணி வெட்டும் மேஜைமேலேயே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கிளம்பும்போது அண்ணன் வாசலருகே நின்று அடியில் ஏதாவது புதைந்திருக்கிறதா என்பதுபோல் குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். அவள் ஊசியில் கருநீல நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். பார்க்காததுபோல் இருப்பது சுலபமாக இருந்தது.