அழுத்தணும், தேய்க்கக் கூடாது

1

இந்தக் கதை, நான் பழையதாக வாங்கிய ஒரு ஹீட் பிரஸ்ஸுடன் இனாமாக வந்தது.

ஹீட் பிரஸ் என்றதும் ஏதோ தொழிற்சாலைச் சாமான் என்று மிரள வேண்டாம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. துணிமேல், வெட்டிய எழுத்துப் படலத்தை வைத்து, அதன்மேல் ஒட்டாத தாள் ஒன்றைப் போட்டு, இதைச் சுட வைத்து அழுத்தினால் எழுத்து துணியோடு ஒட்டிக்கொள்ளும். தலையணை உறை, பை, குழந்தைச் சட்டை, எதில் வேண்டுமானாலும் பெயர் போடலாம். கதை வராத நாட்களில் கைக்கு ஒரு வேலை இருக்கட்டுமே என்று வாங்கினேன். எனக்குக் கதை வராத நாட்கள் அதிகம்.

விற்றவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலை பார்த்தவராம்.

"தங்கச்சியும் நானும் பை தொழில் பண்ணலாம்னு வாங்கினோம்."

"அப்புறம்?"

"அழுத்தணும் தம்பி, தேய்க்கக் கூடாது. அவ்வளவுதான் இதுல விஷயம்."

தங்கச்சிக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஒயர் எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டேன். நல்லா இருக்கு என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். எழுதுகிறவன் கேட்கிற கேள்வியா அது? இன்றுவரை நொந்துகொள்கிறேன்.

மெஷினை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்திருந்தார். பையின்மேல் ஒரு குழந்தையின் பெயர். ஈரத்தில் யாரோ கால் வைத்து இழுத்த மாதிரி, எழுத்தெல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்து கிடந்தது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியை நான்தான் சொல்லப்போகிறேன்.

2

[தொடக்கம், முதல் முயற்சி: "சலவைக்கூடத்தின் நீராவிக்குள் அவள் ஒரு நிழலைப் போல..." வேண்டாம். இஸ்திரி போடுகிறவள் நிழலாக இருந்தால் சட்டையில் மடிப்பு எப்படி விழும்?]

[இரண்டாம் முயற்சி: "அக்காவுக்கும் தங்கைக்கும் சிறுவயதிலிருந்தே..." இப்படித் தொடங்கினால் சிறுவயதை எழுத வேண்டியிருக்கும்.]

மூன்றாவதாக, கடையில் தொடங்குகிறேன்.

3

கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று, மேல்மூடியை இறக்கிப் பூட்டினால் தானே அழுத்தும் பெரிய வகை. மற்றது, கையால் தூக்கி வைத்து அழுத்தும் சின்ன வகை.

தங்கை வீட்டிலேயே துணிப்பை தைப்பவள். மழலையர் பள்ளி ஒன்றிலிருந்து அவளுக்கு முதல் பெரிய ஆர்டர் வந்திருந்தது: ஒவ்வொரு பையிலும் ஒரு குழந்தையின் பெயர். எதையும் ஒன்றுக்குப் பத்து முறை படித்துப் பார்த்து வாங்குகிறவள் அவள். மூடி உள்ள பெரிய வகையைத்தான் மனதில் குறித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இதுதான்க்கா. மூடினா போதும். கை ஆடாது, சூடும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி போகும்."

அக்கா மூடியைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். ஹோட்டலில் பெரிய உருளை மெஷின் வந்த மாதம்தான் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு பக்கம் கசங்கிய விரிப்பை விட்டால் மறுபக்கம் வழுவழுவென்று வந்துவிடும்.

"மூடினா போதும்னா, நான் எதுக்குடி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். தங்கை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "அந்தச் சின்னதையே குடுங்க. எங்ககிட்ட கை இருக்கு," என்றாள்.

(இந்தக் கதையில் எனக்குப் பிடித்த வரி இதுதான். பிடித்த வரியைச் சந்தேகிக்க வேண்டும் என்பார்கள். சந்தேகித்தும் பார்த்துவிட்டேன், தங்கை அப்படித்தான் சொல்லியிருப்பாள்.)

4

தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் பட்டறை. அக்கா வந்ததும் வராததுமாக ஒரு கம்பளியை நாலாக மடித்து விரித்தாள். இஸ்திரிக்கு மெத்தென்று இருக்க வேண்டும் அல்லவா.

"கம்பளி வேண்டாம்க்கா. அடியில கெட்டியா இருக்கணும். அப்பதான் அழுத்தம் நிக்கும்."

கம்பளி போய், மெஷினோடு வந்த தட்டை விரிப்பு வந்தது. அக்கா அடுத்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐயோ, தண்ணியும் வேண்டாம்! ஈரம் இருந்தா ஒட்டாது."

"தண்ணி தெளிக்காம என்னடி இஸ்திரி?"

"இது இஸ்திரி இல்லக்கா!"

இருவரும் சிரித்தார்கள். பழைய தலையணை உறையில் ஒத்திகை நடந்தது. அக்கா மெஷினை வைத்தாள். வைத்த கை தானாக முன்னே நகரப் பார்த்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? தங்கை தன் கையை அக்காவின் கைமேல் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அழுத்தணும், தேய்க்கக் கூடாது. சத்தம் வர்ற வரைக்கும் அசையாத."

மெஷினிலிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. ஆறியபின், எழுத்தைத் தாங்கியிருந்த மேல்படலத்தை உரித்தார்கள்.* எழுத்து அச்சுப் போலப் பதிந்திருந்தது. அக்கா அந்த உறையை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தன் தலையணைக்கே போட்டுக்கொண்டாள்.

[* உரிப்பதில் இரண்டு வகை. சில படலங்களைச் சூட்டோடு உரிக்க வேண்டும்; சிலவற்றை ஆறவிட்டு. இவர்களுடையது ஆறவிட வேண்டிய வகை. இதை வைத்து மனிதர்களின் கோபத்தைப் பற்றி ஓர் உவமை சொல்ல எனக்குக் கை அரிக்கிறது. நீங்களே இந்நேரம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். விட்டுவிடுவோம்.]

5

ஒத்திவைத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுத வேண்டிய பகல் வந்துவிட்டது.

தங்கை கைப்பிடி நாடா வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். தைத்து முடித்த பைகள் மேசையில் அடுக்கியிருந்தன. அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவைத்தால் எப்படி வாய் பிளப்பாள் என்று அக்கா நினைத்தாள். அது மட்டும்தான் அவள் நினைப்பு. அதை மட்டும் நம்புங்கள்.

மெஷின் சூடானது. முதல் பை. தாளைப் போட்டாள், வைத்தாள், அழுத்தினாள். மேலே பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. ஹோட்டலில் ஆயிரமாயிரம் சட்டைகளைத் தேய்த்த தோள் அது. அவளைக் கேட்காமலே ஓர் இழுப்பு இழுத்தது. தாளுக்கடியில் நடந்தது கண்ணுக்குத் தெரியாது. ஆறிய பிறகுதான் உரிக்க வேண்டும் என்பதால் அவள் உரித்தும் பார்க்கவில்லை. ஓரமாக ஆற வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. நடுவில் பாட்டு ஒன்றையும் முணுமுணுத்தாள்.

தங்கை வந்தாள். மேசையைப் பார்த்து, "எல்லாமா!" என்றாள். நிஜமான சந்தோஷம்தான். நாடாவைக் கீழே வைத்துவிட்டு முதல் பையை உரித்தாள். பிறகு இரண்டாவது. கடைசிப் பை வரை உரித்தாள். எல்லாக் குழந்தைகளின் பெயரும் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தது.

"பரவால்லக்கா."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அக்கா அழுதிருப்பாள், தங்கை சமாதானம் செய்திருப்பாள், நானும் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன். பரவால்ல என்றதுதான் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"என்ன டப்பா மெஷின் இது! என் கையில இத்தனை வருஷத்துல ஒரு சட்டை பொசுங்கினதில்ல."

(ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அவளுக்கே தெரியும்.)

"மெஷின் மேல தப்பு இல்லக்கா."

"அப்ப என் மேலதான்னு சொல்லு. அந்த மூடி போட்டதையே வாங்கித் தொலைச்சிருக்கலாம்ல? என்னைப் பாத்து இரக்கப்பட்டு இத வாங்கினியா?"

இங்கே தங்கை என்ன சொன்னாள் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்றால் அக்கா உடைந்துபோவாள். இல்லை என்றால் அது பொய். பொய் சொல்லத் தெரியாத பெண்ணாக அவளை நான்தான் படைத்தேன். இப்போது வருந்தி என்ன பயன்.

அவள் பைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். அக்கா மெஷினையும் பாழான பைகளையும் அள்ளிக்கொண்டு வெளியேறினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, யாராவது கூப்பிடுகிறார்களா என்று கொஞ்சம் நின்று பார்த்ததாக...

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் மறுநாளே இருவரும் சிரித்துப் பேசி, புதிய பைகளில் கைமேல் கை வைத்து வேலையை முடிக்கிறார்கள். அடித்துவிட்டேன். அப்படி நடந்திருந்தால் மெஷின் என் மேசைக்கு வந்திருக்காது.

இரண்டாவதில் தங்கை அந்த மூடி போட்ட பெரிய மெஷினை வாங்குகிறாள். அக்கா தெருவில் போகும்போது சன்னல் வழியே மூடி இறங்குவதைப் பார்க்கிறாள். இது நடந்திருக்கக்கூடியது. அதனாலேயே என்னால் முடிக்க முடியவில்லை.

மூன்றாவதில் தங்கையைச் சாகடித்தேன். வழி தெரியாத எழுத்தாளன் செய்கிற காரியம். வெட்கப்பட்டு உயிர்ப்பித்துவிட்டேன்.

7

நேற்று நானே மெஷினைச் சூடாக்கி ஒரு தலையணை உறையில் அழுத்திப் பார்த்தேன். கை நகர்ந்தது. விற்ற அம்மாளின் எண் செல்பேசியில் இருந்தது. கதையைப் பற்றிக் கேட்கத் துணிவில்லாமல், "கை தானா நகருது, என்ன செய்யறது?" என்று மட்டும் அனுப்பினேன்.

"இன்னொருத்தரை உங்க கைமேல கை வெச்சுப் புடிக்கச் சொல்லுங்க."

"வீட்டுல நான் மட்டும்தாங்க."

மெஷினை அணைத்து ஓரமாக ஆற வைத்தேன். பிறகு பதில் வந்தது.

"அப்ப பண்ணாதீங்க தம்பி. நானும் அவ இல்லாதப்ப தனியாத்தான் பண்ணினேன். எல்லாப் பையும் போச்சு. அவ பேச்சும் போச்சு."

ஐந்தாம் பகுதியை என் கற்பனை என்று நினைத்து எழுதியவன் நான். செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் இன்னொன்று வந்தது.

"மெஷினை எடுத்துக்கிட்டு வாங்க. நான் கை வெச்சுப் புடிக்கறேன்."

போகலாம். போனால் என் உறை ஒழுங்காக வரும். ஆனால் அந்தக் கை யாருடைய கைக்காகக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் முடிவை நான் எழுதவில்லை.

உங்கள் தெருவில் துணிப்பை தைக்கிற ஒருத்தி இருக்கலாம். அக்காவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறவளாக இருக்கலாம். அவளைப் பார்த்தால், அக்கா இப்போதெல்லாம் தேய்ப்பதில்லை, கை வைத்துப் பிடிக்கிறேன் என்கிறாள் என்று சொல்லுங்கள். மெஷின் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றும்.