கிரகணக் குழி

குழியை மந்திரமூர்த்தி நன்றாகத்தான் தோண்டியிருந்தான். உப்பளத்தில் வேலை பார்ப்பவன், ஈரமணலைச் சரியாமல் சுவர்போல் வெட்டத் தெரியும். இடுப்பளவு ஆழம், குறுகலான வாய். கிரகணம் பிடித்திருக்கும்போது கால் விளங்காத பிள்ளைகளைக் கடற்கரையில் நிற்கவைத்துப் புதைத்தால் கால் நேராகிவிடும் என்பது நம்பிக்கை. சற்றுத் தள்ளி வேறு சில குழிகளிலும் தலைகள் மணலுக்கு மேலே அழுதுகொண்டிருந்தன.

அவன் மகள் சந்தனமாரிக்கு ஒன்பது வயது. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமானது; அதிலிருந்து இப்படித்தான். பேச்சு இல்லை. முழங்கால்கள் கத்திரிபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிவிட்டன. போன மழைக்காலத்தில் இடது தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்தைவிட்டு நழுவியது. ஆஸ்பத்திரியில் அவ்வளவுதான் சொன்னார்கள். யுத்த காலம், மருந்து பட்டாளத்துக்கே போதவில்லை என்றார்கள். அன்றிலிருந்து துணி மாற்றினால் அலறல், புரட்டினால் அலறல். கண் சொருகும்போதே கால் வெட்டியிழுத்து எழுப்பிவிடும். வலி என்று தாய் செல்லக்கனிக்குத் தெரியும். மந்திரமூர்த்தி பிடிவாதம் என்றான். அப்படிச் சொல்வது அவனுக்கு வசதியாக இருந்தது.

சூரியனின் ஓரம் கறுத்ததும் பிள்ளையைக் குழிக்குள் இறக்கினான். முழங்கால்கள் விளிம்பில் இடித்து நின்றன.

“ஏளா, காலப் பிடிச்சு நீட்டு.”

“நீளாது.”

“அழுத்துனா நீளும்.”

அழுத்தினான். அந்த அலறலில் பக்கத்துக் குழிப் பிள்ளைகள் அழுகையை நிறுத்தின.

செல்லக்கனி பிள்ளையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். “யாருக்குத் தோண்டுனிய இந்தக் குழிய? நேரா நிக்கிற பிள்ளைக்கா? அப்பிடி ஒண்ணு நம்ம வீட்டுல இல்ல.”

“மச்சான் கெணறுல்லா வெட்டிருக்காரு,” என்றான் கூட வந்திருந்த அவள் அண்ணன் நயினார். யாரும் சிரிக்கவில்லை.

அவள் கையாலேயே பக்கத்தில் மணலைப் பறித்தாள். ஆழமில்லை. இடுப்புக்கு ஒரு பள்ளம், முழங்கால்களுக்கு ஒரு மேடு. பிள்ளையை ஒருக்களித்து, கால் இருந்தபடியே கிடத்தினாள். மேல்மணல் மத்தியானச் சூட்டோடு இருந்தது. அதை அள்ளி இடுப்புவரை மூடினாள். கால் இரண்டு தடவை வெட்டியது. மணல் விடவில்லை.

“நிக்க வச்சாத்தாம்ளா பலிக்கும்,” என்றான் நயினார்.

அதற்குள் சந்தனமாரி தூங்கிவிட்டாள்.

கிரகணம் விட்டது. மற்றவர்கள் பிள்ளைகளைத் தோண்டியெடுத்துக் கடலில் முக்கினார்கள். கால்களைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போனார்கள். நயினாரும் போய்விட்டான்.

“எடுளா. முக்கிட்டுப் போவோம்.”

“அவ தூங்குதா.”

“அமாவாசத் தண்ணி ஏறி வருது, பாக்கலியா?”

“பாத்துட்டுதான் இருக்கேன்.”

அவள் எழுந்திருக்கவில்லை. ஓர் அலை வந்து அவன் வெட்டிய குழியை நிரப்பியது. சுவர்கள் சரிந்தன. மந்திரமூர்த்தி கொஞ்ச நேரம் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாய் திறந்திருந்தது, எச்சில் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு மம்பட்டியை எடுத்தான். கடலுக்கும் பிள்ளைக்கும் நடுவே, தினமும் உப்புப் பாத்தியில் செய்வதுபோல, மணலை இழுத்துப் போட்டு மம்பட்டியின் முதுகால் தட்டித் தட்டி வரப்புக் கட்டத் தொடங்கினான்.

அடுத்த அலை வரப்பின் ஓரத்தைக் கரைத்துக்கொண்டு போனது. கரைந்த இடத்தில் அவன் இன்னொரு மம்பட்டி மணலைப் போட்டான்.