பையில் ஒட்டும் பெயர்

1

“அப்ப அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போறே?”

“இன்னும் வைக்கலக்கா.”

“என்னமும் வையி. நிசப் பேரை மட்டும் எழுதிராதலே. அதுகளுக்கு வர வேண்டியது வராமப் போயிரும்.”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது: சாத்தூர் பேருந்து நிலையத்தில், ஒரு நிபந்தனையோடு. பேசியவள் அழகுமீனா அக்கா, என் பெரியம்மா மகள். ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். ஆகவே இதில் வரும் பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. அக்காவின் பெயரும்தான்.

2

முதல் தொடக்கம்: ‘பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் ஜன்னலருகே

(சாத்தூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனியை எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் இப்படித்தான்.)

இரண்டாவது: ‘தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வெடித்த சத்தம்

(வேண்டாம். ரத்த வங்கிக்குச் சத்தம் வருவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரத்த மாதிரிக் குழாய்கள் வரும்.)

மூன்றாவது. இதுவே இருக்கட்டும்:

மதியம். தீக்காய வார்டில் கிடக்கும் மாரிசெல்விக்காக அவள் தங்கை பாண்டிச்செல்வி ரத்தம் கொடுக்க வந்திருக்கிறாள். விரல் நுனியில் குத்திப் பார்க்க வேண்டும். அக்கா ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிறாள். பஞ்சு கறுக்கிறது, விரல் வெள்ளியாகவே மினுங்குகிறது.

“போகாதுக்கா. அலுமினியப் பவுடரு. சோறு திங்கிறதும் இந்தக் கையாலதான்.”

“அப்ப உன் வயித்துக்குள்ள தெனமும் தீவாளிதாம் போ.”

சிரித்துவிட்டாள். சிரித்தோமே என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

3

ரத்த வங்கியில் ஒரு வழக்கம் உண்டு.* பையில் பெயர் ஒட்டும் முன் கொடுப்பவரிடம் மறுபடியும் பெயர் கேட்க வேண்டும். ‘நீங்க பாண்டிச்செல்விதானே?’ என்று கேட்கக் கூடாது. பயந்துபோய் இருப்பவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

“உன் பேரு என்னம்மா?”

அவள் குழாயில் ஓடும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாரிசெல்வி.”

* அக்கா சொன்னது: “நாங்க மொதல்ல பேரைத்தாம்லே பாப்போம். ரத்தத்தைப் பெறகுதான்.”

ரத்தம் கொடுத்தவள் சொன்னது உண்மை. கம்பெனியில் பெயர் இருப்பது மூத்தவள் மாரிசெல்விக்கு. அன்று அவள் பிள்ளைக்குக் காய்ச்சல். சீசன் நேரத்தில் லீவு போட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அதனால் தங்கை பாண்டிச்செல்வி, மூத்தவள் பேரில் வேலைக்குப் போனாள். போர்மேனுக்கும் தெரியும். வெடித்த பிறகு தூக்கி வந்தவர்கள், கம்பெனியில் இருந்த பெயரையே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்கள் அம்மா மாடத்தி மூத்தவளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: “நீதாம் பாண்டிச்செல்வி. கேட்டா மாத்திச் சொல்லிராத.”

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சொல்லி அனுப்பியும் மறப்பாளா? அக்காவிடம் கேட்டேன். “ஏலே, உன்னைப் படுக்கவச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டு, பிரியமாப் பேரு கேட்டா நீ எந்தப் பேரைச் சொல்லுவே?”)

4

முடிவு அ: அக்கா வார்டுக்குப் போன் செய்கிறாள். பெயர் திருத்தப்படுகிறது. கம்பெனிக்காரர், “பாண்டிச்செல்வியா? அப்படி யாரும் எங்ககிட்ட வேலை பாக்கலையே” என்கிறார். நஷ்டஈடு இல்லை.

முடிவு ஆ: அக்கா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கிடப்பவள் பி பாசிட்டிவ். அது மாரிசெல்வியின் பெயரில் பதிந்துவிடுகிறது. உண்மையான மாரிசெல்வி ஓ பாசிட்டிவ். நாளைக்கு அவள் இதே ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்து, அவசரத்தில் யாராவது பழைய பதிவை நம்பி

அதை எழுத மாட்டேன். உள்ளே கிடப்பவள் பிழைக்காவிட்டால் செத்தது யார் என்பதையும்.

முடிவு இ: எல்லாரும் பிழைத்து, ஆனைக்குட்டம் அணையைப் பார்க்கப் போகிறார்கள். (அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.)

அக்கா என்ன செய்தாள் என்று நானும் கேட்டேன். “பஸ் வந்துருச்சுலே” என்றாள். பஸ் வரவில்லை.

5

ஆகவே என்னால் போக முடிந்த தூரம் இவ்வளவுதான். பை நிறைந்துவிட்டது. அக்கா ஊசியை எடுத்துவிட்டு, மடக்கிய கையைப் பிடித்தபடி நிற்கிறாள். இந்தப் பை வங்கிக்கு; இதற்கு ஈடாக உள்ளே கிடப்பவளுக்கு ஏற்ற வேண்டிய வேறொரு பை பொருத்தம் பார்த்துத் தயாராக இருக்கிறது. பெயர்ச்சீட்டு ஒட்டுவதுதான் பாக்கி. சீட்டில் ஒரு பெயரும் வார்டில் வேறு பெயரும் இருந்தால் நர்ஸ் ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பத்தான் வேண்டும்.

மூத்தவள் எழுந்திருக்கவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்தபடி அவள் சொன்னதை அக்கா என்னிடம் அப்படியே சொன்னாள். அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லைத் தவிர. அந்த ஒரு சொல்லைத்தான் அவள் கேட்டாள்.

“பேரு மாறிப் போற ரத்தத்தை அவ ஒடம்பு ஏத்துக்கிடுமாக்கா? மத்த எல்லாத்துலயும் எம் பேரே இருக்கட்டும், அம்மா சொன்னபடியே இருக்கட்டும். அவளுக்கு ஏத்துற பையில மட்டும், அந்த ஒத்தப் பையில மட்டும், பாண்டிச்செல்வின்னு எழுதி ஒட்டுவீகளா?”