முள் முளைத்த இடம்

பிடரி எரிந்தது. அந்த எரிச்சல் முதுகெலும்பு வழியே இறங்கி இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. காலையிலிருந்து மண்சட்டி சுமக்கும் பிடரி. சும்மாட்டைக் கழற்றி உதற இசக்கியம்மாளுக்கு நேரமில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் புதிதாகப் போட்ட தார் ரோட்டை ஒட்டி ஒரு வீடு உருவாகிக்கொண்டிருந்தது. முன்பக்கம் கடைக்கால் சுவர் எழும்பியாயிற்று. பின்பக்கம் இன்னும் தோண்டினார்கள். அங்கே தோண்டிய மண்ணை முன்னறைச் சுவர்களுக்குள் கொட்டி, திம்சுக்கட்டையால் இடித்துத் தரையை உயர்த்த வேண்டும்.

"இன்னாமே, ஊர்வலமா போற? நாளைக்கி ஜல்லி போடணும். வூட்டுக்காரரு காலைலயே வந்து நின்னுக்குவாரு," என்றான் மேஸ்திரி கனகராஜ். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன்.

"மண்ணு ஒம்ம பேச்சு மாதிரி லேசாவா இருக்கு மேஸ்திரி?" என்றாள் பின்னால் வந்த பேச்சியம்மாள். சட்டி தூக்கிக்கொண்டிருந்த சடச்சி சிரித்தாள். மூவரும் திருநெல்வேலிப் பக்கம். மழை பொய்த்த வருஷங்களில் அடுத்தடுத்து ரயிலேறி வந்து, அடையாற்றங்கரையில் ஒரே குடிசை வரிசையில் விழுந்தவர்கள்.

இசக்கி காலி சட்டியோடு குழியோரம் திரும்பி வந்தாள். மண்வெட்டிக்காரன் ஒரு கல்லைத் தூக்கி மேலே எறிந்தான். அது உருண்டு அவள் காலடியில் நின்றது.

பாதி அம்மி.

அவள் குனிந்து எடுத்தாள். உடைந்த விளிம்பில் கட்டைவிரலை வைத்தாள். அங்கே நாய்ப்பல் போல ஒரு மூக்கு துருத்தியிருந்தது. அந்த மூக்கு வந்து பொருந்தும் பள்ளம் அவள் குடிசையில் கிடக்கும் மறுபாதியில் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பட்டணத்துக்கு வந்த புதிதில் அவள் பெற்ற பெண் குழந்தை. பல் முளைக்கவில்லை. வயிற்றுப்போக்கில் இரண்டே நாளில் துவண்டு போயிற்று. சுடுகாட்டு வாசலில் இருந்தவன், "டாக்டர் பேப்பர் கீதா?" என்று கேட்டான். பால் குடிக்கிற பிள்ளையைப் புதைக்க ஊரில் யாரும் பேப்பர் கேட்டதில்லை. குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள். நாலைந்து பனையும் உடைமுள்ளுமாகக் கிடந்தது ஒரு வெட்டவெளி. அவள் ஊரில் முள் முளைத்துக் கிடக்கும் இடம் யாருக்கும் சொந்தமில்லை. பட்டணத்திலும் அப்படித்தான் என்று நினைத்தாள். வேலியே இல்லாத நிலத்துக்கும் இங்கே பத்திரம் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? புதைத்து, நாய் கிளறாமல் இருக்கப் பாதி அம்மியை மேலே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பனை இல்லை, முள் இல்லை. ரோடு வந்துவிட்டது. ஒரு வாரமாக இதே மண்ணில் நடந்தும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த மூலையை இன்று காலையில்தான் தோண்டத் தொடங்கினார்கள். காலையிலிருந்து அந்த மண்ணைச் சுமந்ததும், கொட்டியதும், கட்டை பிடித்து இடித்ததும் அவள்தான்.

கல்லைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றாள்.

பேச்சி கிட்டே வந்தாள். கல்லைப் பார்த்தாள். அவள் தலையிலிருந்த சட்டி ஆடியது.

"ஏளா," என்றாள் மெதுவாக. "நீ கல்லா வச்சே?"

இசக்கி நிமிர்ந்தாள்.

"நான் முள்ளு வெட்டி வச்சேன்," என்றாள் பேச்சி. "அந்தப் பெரிய பனைக்குக் கிழக்கே. போன ஆனியில."

சடச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஓட்டுச்சில்லு," என்றாள். "எனக்கு மட்டுந்தான் இந்த எடம் தெரியும்னு இருந்தேன்."

ஒரே வரிசையில் படுத்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளாமல் மூன்று பேரும் இங்கேதான் வந்திருக்கிறார்கள்.

இசக்கி குழிக்குள் குதித்தாள். மிச்சமிருந்த மண்ணைக் கையால் வாரி வாரிப் பார்த்தாள். மற்ற இருவரும் இறங்கினார்கள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. கிடைத்தது கருவளைத் துண்டு ஒன்று, சின்ன விரல் நகம் அளவு.

"எம்புள்ளைக்குக் கருவளதான் போட்டிருந்தேன்," என்றாள் பேச்சி.

"நானுந்தான்," என்றாள் சடச்சி.

இசக்கி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் குழந்தை கையிலும் கருவளைதான்.

மேலே வந்து மேஸ்திரியிடம் போனாள். "முன்னறைத் தரையைத் தோண்டணும்."

"இன்னாத்துக்கு? பைத்தியமா?"

சொன்னாள். கனகராஜ் வாயிலிருந்த பீடியை எடுக்க மறந்து, அது உதட்டைச் சுட்டபிறகு துப்பினான். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"எந்தச் சட்டில போச்சின்னு தெரியுமா?"

"தெரியாது."

"தோண்டுனா இன்னாத்தமே எடுப்ப?" குரல் தாழ்ந்தது. "போலீசு வருவான். கொழந்த எப்டி செத்துச்சின்னு உங்க மூணு பேரத்தான் மொதல்ல கேப்பான். பேப்பர் கீதா?"

இசக்கி முன்னறைப் பக்கம் திரும்பினாள். பேச்சி பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். "வேண்டாம்ளா. எனக்கு இன்னும் ரெண்டு கெடக்கு. நான் ஜெயிலுக்குப் போனா அதுகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

அதற்குப் பிறகு இசக்கி தோண்டச் சொல்லவில்லை. மேஸ்திரி மூன்று பெண்களையும் செங்கல் எடுக்க ரோட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு, திம்சு போட ஆம்பிளைகளைக் கூப்பிட்டான். தொம், தொம் என்று சத்தம் ரோடு வரைக்கும் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சடச்சி தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

வேலை விட்டதும், "நீயே வச்சிக்க, நீதான மொதல்ல பாத்தே," என்று வளைத்துண்டை இசக்கி கையில் திணித்தார்கள். அதை முந்தானையில் முடிந்தாள். இதையாவது ஓரிடத்தில் மூட வேண்டும். போகும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனாள். கம்பி வேலி, காம்பவுண்டு சுவர், மறுபடி கம்பி வேலி.

குடிசை வரிசைக்குத் திரும்பும் முனையில் ஓட்டு வீட்டு வாசலில் அமீனா பீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரி; குடிசை வரிசைக்கே பூபூ, அத்தை முறை. தன் சாவுக்கென்று டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த கஃபன் துணியை இசக்கியின் குழந்தை செத்த அன்று வெளியே எடுத்து, ஒரு முழம் கிழித்து அதற்குச் சுற்றிக் கொடுத்தவள் அவள்தான். கிழிக்கும்போதே சொல்லியிருந்தாள்: "ஒரு முழம் கொறஞ்சா எங்காலு வெளிய தெரியும். கையில துட்டு வந்தா வாங்கிக் குடுத்துடு, பேட்டி, என் மவளே."

"இன்னாமே, மூஞ்சி இப்டி கீது?" என்றாள் இப்போது.

"ஒண்ணுமில்ல பூபூ," என்று இசக்கி முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வருஷமாயிற்று. அமீனா பீக்குத் தர வேண்டிய ஒரு முழம் வெள்ளைத் துணியை அவள் இன்னும் தரவில்லை.